மூன்று எண்கள்

திருவண்ணாமலைவாசிகளுக்கு எண்களின் மீது ஒரு தனிப் பிரியம் உண்டு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், ராஜகோபுரம் 217 அடி, மலை 2,668 அடி என்று பள்ளிக்கூடத்துப் பையனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். மழைக்காலம் வந்துவிட்டால் இன்னும் ஓர் எண் சேர்ந்துகொள்ளும். சாத்தனூர் அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று டீக்கடையில் விசாரிப்பார்கள். 119 அடி என்றால் அணை நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இத்தனை எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் நம்மிடம், நம்முடைய சொந்த ரத்தத்தைப் பற்றி மூன்று எண்களைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறோம். சர்க்கரை எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது ஜாஸ்தி. ஆனால் ஹீமோகுளோபின் எவ்வளவு, வெள்ளை அணுக்கள் எத்தனை, தட்டணுக்கள் எத்தனை என்று கேட்டால், "அதெல்லாம் டாக்டருக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுவோம். டாக்டருக்குத் தெரிந்தால் போதும்தான். ஆனால் சில நோயாளிகளுக்கு அது போதாது. பல மாதங்களுக்குத் தொடர்ந்து ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இந்த மூன்று எண்களும் சாத்தனூர் அணையின் நீர்மட்டத்தைப் போல. தினம் இல்லாவிட்டாலும் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்குச் சிரத்தை உண்டானதற்குக் காரணம் எங்கள் தெருவுக்குப் பூக்கொண்டு வரும் அம்மாள். அவளுக்கு ஒரே மகன். ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்குக் காசநோய் வந்தது. வழக்கமான மாத்திரைகளுக்கு அந்தக் கிருமி அடங்கவில்லை. சளியைச் சோதித்துப் பார்த்து, இது மருந்துக்கு அசையாத ரகம் என்று கண்டுபிடித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் புதிய சிகிச்சையைத் தொடங்கினார்கள். நான்கு மருந்துகள், ஆறு மாதம். ஊசி கிடையாது, எல்லாம் மாத்திரைதான். 2024-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த முறை அது. அதற்கு முன்பெல்லாம் இதே நோய்க்கு 20 மாதம் வரைகூட மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஆகவே ஆறு மாதம் என்பது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நான்கில் ஒன்றின் பெயர் லினெசோலிட். அதை ஆரம்பித்த நாளிலிருந்து பையனுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை. முடிவு ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதமாக வரும். அதை மடித்துப் பூக்கூடைக்குள் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் என் வீட்டு வாசலில் நிற்பாள்.

"ரத்தம் எவ்ளோ இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க சார்."

முதல் காகிதத்தில் ஹீமோகுளோபின் 11.4. ஆண்பிள்ளைக்கு 13-க்குக் குறையக்கூடாது என்பது கணக்கு. நோய் அவனை ஏற்கெனவே கொஞ்சம் கரைத்திருந்தது. ஆறாவது வாரம் 9.6. பத்தாவது வாரம் 7.8.

அன்றைக்கு அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நெஞ்சு நல்லாத்தான் ஆவுது சார். இருமல் இல்ல. எடை ஏறியிருக்குது. ஆனா உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. எங்க பெரியப்பா மாத்திரைய நிறுத்திடுன்றாரு. நிறுத்திடட்டுமா?"

நெஞ்சு தேறுகிறது, ரத்தம் குறைகிறது. எதை விடுவது, எதைக் காப்பாற்றுவது? ஒரு தாய் இப்படிக் கேட்கும்போது, "எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட முடியுமா? நாளைக் காலையில் நானும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், அதுவரையில் எதையும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அன்று மாலையே அந்தப் பெரியப்பாவைப் போய்ப் பார்த்தேன்.

பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். ஏதோ வைத்தியம் தெரியாத மனிதர், பாட்டி வைத்தியத்தை நம்புகிறவர் என்றுதான் வாசகர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. அவர் ஓய்வுபெற்ற கம்பவுண்டர். இளம் வயதில் ஒரு தனியார் டாக்டரிடம் வேலை பார்த்தவர். டைபாய்டு ஜுரத்தில் வந்த ஒரு சிறுமிக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி, குளோராம்பெனிகால் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தது அவர்தானாம். ஜுரம் சொன்னபடி இறங்கியது. பெண் பள்ளிக்கூடம் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்து உடம்பெல்லாம் கன்றிப்போய், ஈறில் ரத்தம் கசிய, அதே பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். பிழைக்கவில்லை. "என் கையால எண்ணிக் கொடுத்தேன் சார்" என்று இந்த வயதிலும் வலது கையை நீட்டிக் காட்டினார். அவரிடம் விவாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர் பயம் கற்பனை அல்ல.

குளோராம்பெனிகாலின் சரித்திரத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வெனிசுலா நாட்டு மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1947-ல் எடுத்தார்கள். 1948-ல் கோலாலம்பூரில் டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வாரக்கணக்கில் ஆளை வாட்டும் அந்த ஜுரம் சில நாட்களிலேயே இறங்கியது. உலகமே கொண்டாடியது. என் பிள்ளைப் பிராயத்தில் வீட்டில் யாருக்காவது டைபாய்டு என்றால் குளோரோமைசெட்டின் என்ற அதன் விற்பனைப் பெயரைத்தான் மந்திரம்போலச் சொல்வார்கள். ஆனால் கடைக்கு வந்த சில வருஷங்களுக்குள்ளேயே, எலும்பு மஜ்ஜை அடியோடு வற்றிப்போய் இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. 1952-ல் அமெரிக்க அரசாங்கம் மருந்துப் பெட்டியின் மேலேயே எச்சரிக்கை அச்சிட வைத்தது. பின்னால் கணக்கெடுத்துப் பார்த்ததில், சுமார் 25,000 முதல் 40,000 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் இந்த விபத்து நேர்வதாகத் தெரிந்தது. ஒருவர்தானே என்று சொல்லலாம். அந்த ஒருத்தியின் கையில் மாத்திரையை எண்ணி வைத்தவரிடம் போய் விகிதம் சொல்ல முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த வற்றல் மருந்தின் அளவைப் பொறுத்தது அல்ல. கொஞ்சம் சாப்பிட்டவருக்கும் வரலாம். நிறையச் சாப்பிட்டவருக்கு வராமல் போகலாம். மருந்தை நிறுத்திப் பல வாரங்கள், மாதங்கள் கழித்தும் வரலாம். ஆகையால், மருந்து சாப்பிடும் காலத்தில் தினம் ரத்தத்தைச் சோதித்தாலும் அதை முன்கூட்டிக் கண்டுகொள்ளலாம் என்ற நிச்சயம் கிடையாது.

பூக்கார அம்மாளின் மகனுக்கு நடந்துகொண்டிருந்தது இது அல்ல, வேறு வகை. அதைப் புரிந்துகொள்ள, ரத்தம் எங்கே உற்பத்தியாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜைதான் பட்டறை. அங்கே ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பு அணுக்கள் தயாராகின்றன. ஒரு சிவப்பு அணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவுக்கு எட்டிலிருந்து பத்து நாள். கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு ரத்தத்தில் ஒரு நாள்கூட நிச்சயமில்லை. பட்டறையில் வேலை மந்தமானால், ஆயுள் குறைந்த சரக்கு முதலில் தீரும். சிவப்பு அணு மெதுவாகக் குறையும். அதனால்தான் இந்த மருந்தில் தட்டணுக் குறைவு இரண்டு வாரத்திலேயே தலைகாட்டலாம், சோகை வருவதற்கு இன்னும் பல வாரம் பிடிக்கலாம்.

பட்டறை ஏன் மந்தமாகிறது? லினெசோலிட் கிருமியை எப்படி மடக்குகிறதென்றால், கிருமிக்குள் புரதம் தயாரிக்கும் யந்திரத்தில் போய் உட்கார்ந்து அதை ஓடவிடாமல் செய்கிறது. நம் உடம்பின் அணுக்களில் இருக்கும் புரத யந்திரம் வேறு அமைப்பு. அதை இந்த மருந்து தொடுவதில்லை. ஆனால் பாருங்கள், நம் அணுக்களுக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. அணுவுக்கு வேண்டிய சக்தியைக் காய்ச்சிக் கொடுக்கும் அடுப்பு அதுதான். எத்தனையோ கோடி வருஷங்களுக்கு முன்பு தனியாகத் திரிந்துகொண்டிருந்த பாக்டீரியா ஒன்று இன்னோர் அணுவுக்குள் குடிபுகுந்து, வீட்டு மனிதராகவே ஆகிவிட்டதன் வம்சம் அது என்கிறார்கள் விஞ்ஞானிகள். பழைய குலத்தின் அடையாளமாக, அதனிடம் இருக்கும் புரத யந்திரம் பாக்டீரியாவின் யந்திரத்தை ஒத்திருக்கிறது. திருடனைப் பிடிக்க வந்த போலீஸ்காரர், சாடையைப் பார்த்து வீட்டு மருமகனையும் பிடித்துக்கொள்வதுபோல, மருந்து இதையும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. நாலு நாள் பிடித்தால் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் பிடித்தால், இரவு பகலாக வேலை செய்யும் மஜ்ஜை முதலில் தவிக்கிறது. நரம்புகளும் தவிக்கும். பாதத்தில் எரிச்சல், மரமரப்பு, சிலருக்குக் கண் மங்கல் எல்லாம் வருவது இதனால்தான்.

குளோராம்பெனிகாலுக்கும் இந்த இரண்டாவது வகைக் குணம் உண்டு. மருந்தின் அளவுக்கும் நாளுக்கும் தக்கபடி குறையும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப ஏறும். கம்பவுண்டர் கண்ட சாவு முதல் வகை. பையனுக்கு நேர்ந்திருப்பது இரண்டாவது வகை.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், இந்த மலைச் சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின் மேல் வந்து விழுந்து ஏழு உயிர்கள் போயின. அவர்களுக்கு ஒரு நிமிஷ அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. அதே மழையில் சாத்தனூர் அணையும் நிரம்பிக்கொண்டிருந்தது. ஆனால் அணைக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. நீர் எத்தனை அடி என்று மணிக்கு மணி படிக்க ஆள் இருக்கிறார். அளவைப் படித்து மதகைத் திறக்கலாம், மூடலாம். இரண்டும் தண்ணீரால் வந்த அபாயம்தான் என்பதற்காக, மலைச் சரிவைக் கண்டு பயந்தவர்கள் அணையை இடித்துவிடு என்று சொல்வார்களா? பெரியவர் அன்று சொன்னது ஏறக்குறைய அதுதான்.

நாம் பல பேர் அப்படித்தான் சொல்கிறோம். மருந்தால் ரத்தம் குறைகிறது என்று காதில் விழுந்த மாத்திரத்தில், எந்த மருந்து, எந்த வகைக் குறைவு, அளந்து பார்க்கக்கூடியதா என்று கேட்பதில்லை. மருந்தையே நிறுத்திவிடுகிறோம். காசநோயில் அப்படி அரைகுறையாக நிறுத்தினால், எஞ்சியிருக்கும் கிருமி கடைசி ஆயுதத்துக்கும் அசையாமல் பழகிக்கொள்ளும். பிறகு அது அந்த ஒரு பையனின் நோயாகவும் இருக்காது. அவன் ஆட்டோவில் ஏறி இறங்குகிறவர்களின் நோயாகிவிடும்.

அளந்து பார்த்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2020-ல் தென்னாப்பிரிக்காவில் 109 நோயாளிகளுக்கு லினெசோலிட் தினம் 1,200 மில்லிகிராம் சேர்ந்த மூன்று மருந்துச் சிகிச்சை கொடுத்துப் பார்த்த முடிவு வெளியாயிற்று. 100-க்கு 90 பேர் தேறினார்கள். அதற்கு முன் கேள்விப்படாத வெற்றி. ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மஜ்ஜை தளர்ந்தது. 100-க்கு 81 பேருக்கு நரம்பில் கோளாறு. அதோடு விட்டுவிடாமல், அளவைக் குறைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். 2022-ல் வந்த அடுத்த ஆய்வில், 26 வாரம் 1,200 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 100-க்கு 93 பேர் தேறினார்கள், 22 பேருக்கு மஜ்ஜைத் தளர்ச்சி. அதே 26 வாரம் 600 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 91 பேர் தேறினார்கள், மஜ்ஜைத் தளர்ச்சி 2 பேருக்குத்தான். பாதி மருந்தில் ஏறக்குறைய முழுப் பலன்! எண்களை எடுத்துப் பார்த்ததால் அல்லவா இது தெரிந்தது?

நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்காமல், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்கு எடுத்துக்காட்டியது அந்த மையம்தான். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கும் அதே நிறுவனம் முன்னின்று, இந்தியாவில் சில ஊர்களில் மருந்துக்கு அசையாத காசநோய்க்காரர்கள் 165 பேருக்கு லினெசோலிட் அடங்கிய நான்கு மருந்துச் சிகிச்சை கொடுத்தது. 2022-ல் வெளியான முடிவு: கணக்கிட முடிந்த 153 பேரில் 139 பேர் தேறினார்கள். 85 பேருக்கு மஜ்ஜைத் தளர்ச்சி கண்டது. அதாவது பாதிக்கு மேல். வெளிநாட்டு ஆய்வும் இதுவும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. ஆகையால் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. ஆனால் மருந்தின் முதல் வில்லையை விழுங்குவதற்கு முன்பே ரத்தம் குறைந்திருக்கும் தேசம் இது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்குச் சோகை. பாதி அணையோடு கோடையைத் தொடங்குகிறவர்கள் மட்டத்தை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டாமா? அந்த 165 பேரில் பெரும்பாலோருக்குத் தொந்தரவுகள் பின்னால் தணிந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வயதில் சின்னப் பெண். காகிதத்தைப் பார்த்தார், பையனின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், பாதத்தில் எரிச்சல் உண்டா என்று கேட்டார். மற்ற மூன்று மருந்துகளும் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது, லினெசோலிட்டை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்துவோம், எண் ஏறியதும் அளவைக் குறைத்துத் தொடங்குவோம் என்றார். மூன்று வாரத்தில் 9.1. பிறகு பாதி அளவில் மறுபடியும் ஆரம்பித்தார்கள். ஆறு மாதமும் முடிந்தது.

இதில் கஷ்டம் மருந்தில் மட்டும் இல்லை. ரத்தம் கொடுக்கப் போகும் நாளெல்லாம் ஆட்டோ ஓடாது. கார்த்திகை தீபத்துக்கு ஊரில் வண்டிகள் நுழைய முடியாது என்பதால் அந்த வாரப் பரிசோதனையை முன்னதாகவே போய்ச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. காசநோய்க்காரர்களின் சத்துணவுக்காக அரசாங்கம் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். அந்தப் பணத்தில் அம்மாள் பீட்ரூட்டும் மாதுளம்பழமும் வாங்கிக் கொண்டிருந்தாள், சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று. பட்டறையையே மருந்து அமுக்கி வைத்திருக்கும்போது பழத்தால் மட்டும் எண் ஏறாது என்று டாக்டர் விளக்கினார். முட்டை, கீரை, பருப்பு என்று எல்லாம் சாப்பிடட்டும், உடம்புக்கு வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

இன்னொன்று. "இருக்கற ரத்தமே கம்மி, அதையும் உறிஞ்சறாங்களே" என்ற மனத்தாங்கல் அவளுக்கு இருந்தது. அது அவள் ஒருத்திக்கு மட்டும் உள்ளதல்ல. பெரிய ஆள் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. இந்தப் பரிசோதனைக்கு எடுப்பது இரண்டு மூன்று மில்லி, அரை தேக்கரண்டி. அடுப்படியிலிருந்து ஒரு கரண்டியைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அவளுக்குச் சமாதானமாயிற்று. எங்கேயாவது யாராவது முதல் நாளே ஒரு கரண்டியைக் காட்டியிருக்கலாம்.

காசநோய் இல்லாதவர்களுக்கும் இதில் சங்கதி உண்டு. எலும்பில் சீழ், இதய வால்வில் கிருமி என்று பல வாரம் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டிய நோய்கள் எத்தனையோ. பென்சிலின் வகை மருந்துகளைப் பெரிய அளவில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஏற்றினால் சிலருக்கு வெள்ளை அணுக்கள் குறையும். கோட்ரைமாக்சசோல் நெடுநாள் சென்றால் ஃபோலிக் அமிலம் என்ற சத்தின் வேலையைத் தடுத்து ரத்த உற்பத்தியைக் கெடுக்கலாம். தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன், மஜ்ஜையை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பு அணுக்களையே உடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு வழி. ஜலதோஷத்துக்கு ஐந்து நாள் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். ஜலதோஷத்துக்கு அந்த மாத்திரை எதற்கு என்பது வேறு கேள்வி. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு மருந்து என்று எழுதப்பட்டால், "இதற்கு ரத்தம் பார்க்க வேண்டுமா, எப்போது?" என்று கேட்பது யாருக்கும் மரியாதைக் குறைவு ஆகாது. புதிதாகக் கன்றல், ஈறில் கசிவு, அடங்காத ஜுரம், படி ஏறினால் மூச்சு என்றால் அடுத்த பரிசோதனை நாள் வரையில் காத்திருக்கவும் கூடாது.

பெரியவரிடம் பையன் தேறிய சமாசாரத்தைப் போய்ச் சொன்னேன். கடைசிக் காகிதத்தை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். ஹீமோகுளோபின் 12.2. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு இப்படி ஒரு காகிதம் நாங்க எடுத்துப் பாக்கவேயில்ல சார்" என்றார்.

பார்த்திருந்தாலும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றுதான் வைத்திய சாஸ்திரம் சொல்கிறது. அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். மௌனமாகக் கேட்டுக்கொண்டார்.